எம்.ஏ. முதலிலா, பி.எட். முதலிலா?

பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்க வந்தால், டீயைக் கையில் வாங்கியதும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "சார், எம்.ஏ. முடிச்சிட்டு பி.எட். போகட்டுமா, பி.எட். முடிச்சிட்டு எம்.ஏ. போகட்டுமா?" வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் தாங்குவார்கள், ஃபீஸ் எங்கிருந்து வரும், தம்பி படிப்பு என்னாகும் என்ற கணக்கெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். அதனால் முதலில் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு, அவர்கள் கேட்காமல் விடுகிற இன்னொன்றை நிதானமாகப் பேசலாம். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்க இரண்டு வாசல்கள் உண்டு. 6ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்பு வரை சமூக அறிவியல் எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். பள்ளிக்கூட வழக்கில் பி.டி. அதற்கு பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் வேண்டும். 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். அது மட்டும் போதாது, ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாக நடத்தும் போட்டித் தேர்விலும் இடம்பிடிக்க வேண்டும். 11, 12ஆம் வகுப்புகளுக்கு வரலாறு எடுப்பவர் முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அதற்கு எம்.ஏ. வரலாறு, பி.எட்., பிறகு அதே வாரியத்தின் பி.ஜி. தேர்வு.

இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள். டெட் இரண்டாம் தாளில் 150க்கு 60தான் சமூக அறிவியல். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 30. பி.ஜி. தேர்வில் 150க்கு 110 பாடத்துக்கே போகிறது. கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. கூடவே தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு, அதில் தேறாவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். மேல் வகுப்புக்குப் போகப் போகப் பாடத்தின் கனம் கூடுகிறது என்பது இந்த எண்களிலேயே தெரியும். எம்.ஏ.வை அஞ்சல் வழியில் பெயருக்கு முடித்து, கைடு புத்தகத்தைப் புரட்டி பி.ஜி. எழுதப் போகிறவர்கள் இந்த 110இல்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பி.ஏ. ஒரு பாடம், எம்.ஏ. வேறு பாடம் என்றிருந்தால் பி.ஜி. பணிக்குச் சிக்கல் வரும். இதைத்தான் 'கிராஸ் மேஜர்' என்பார்கள். பட்டத்தின் பெயர் வெறும் 'வரலாறு' என்றில்லாமல், சுற்றுலா, தொல்லியல் என்று ஏதாவது சேர்ந்திருந்தாலும் அது வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

பி.எட்.டைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஒரு வருஷப் படிப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2015லிருந்து அது இரண்டு வருஷம். நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2012இல் ஆசிரியர் பயிற்சியின் நிலையைக் கடுமையாகச் சொன்னது. அதன் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிகள் பி.எட்., எம்.எட். இரண்டையும் ஈராண்டாக்கின. ஆகப் பள்ளி முடித்த பிள்ளை எம்.ஏ., பி.எட். இரண்டோடும் வெளியே வர ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஆசிரியர் வேலைதான் என்று முடிவாகிவிட்ட பிள்ளை, மைசூரில் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனத்தில் பி.ஏ., பி.எட். இரண்டையும் சேர்த்து நான்கே வருஷத்தில் முடிக்கலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அங்கே சேரலாம். இது நம் பள்ளிகளில் பலருக்குத் தெரியாமலே இருப்பது வருத்தம்.

கணக்கு இவ்வளவுதான். இனி மற்றதுக்கு வருகிறேன்.

எம்.ஏ. வரலாறு என்பது பி.ஏ.வில் படித்ததையே இன்னும் விரிவாகப் படிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். சில கல்லூரிகளில் அது அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பி.ஏ. வரை 'என்ன நடந்தது' என்று படிக்கிறோம். எம்.ஏ.வில் 'அது நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்' என்று கேட்கப் பழக வேண்டும்.

அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்ற கல்வி உளவியலாளர் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எட்டு வரலாற்றாசிரியர்களிடமும் நன்றாகப் படிக்கும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணக் கட்டைக் கொடுத்தார். 1775இல் லெக்சிங்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படைக்கும் குடியேற்றக்காரர்களுக்கும் நடந்த மோதலைப் பற்றிய ஆவணங்கள் அவை. வாய்விட்டு யோசித்துக்கொண்டே படிக்கச் சொன்னார். அந்த வரலாற்றாசிரியர்களில் சிலருக்கு அமெரிக்கப் புரட்சி தங்கள் துறையே இல்லை. பாடநூல் தகவல்களைக் கேட்டால் மாணவர்களில் சிலர் அவர்களைவிட நன்றாகவே சொன்னார்கள். ஆனாலும் படித்த விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. வரலாற்றாசிரியர்கள் முதலில் ஆவணத்தின் அடிக்குப் போய் இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக என்று பார்த்தார்கள். ஒன்றை இன்னொன்றோடு வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். எதை அதிகம் நம்பலாம் என்று கேட்டபோது, நேரில் பார்த்தவர் சொன்னதைவிடப் பாடநூல் பத்தியை மேலே வைத்த மாணவர்களும் இருந்தார்கள். எழுதிய ஆள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பிள்ளைகள் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வரலாற்று ஆசிரியர் முதலில் உடைக்க வேண்டிய பழக்கம் இது. தன்னிடமே அந்தப் பழக்கம் இருந்தால் பிள்ளையிடம் எப்படி உடைப்பார்?

இதை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். குடவோலை முறை என்றால் நம் பிள்ளைகள் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார்கள். சோழர் காலத்துத் தேர்தல், உத்திரமேரூர், பராந்தகன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்றும், 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்றுமாக இரண்டு. கி.பி. 919, 921 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் கூடாது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது.

இப்போது வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே முடியாது? பிள்ளைகள் வரிசையாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நிலம் இல்லாதவர், வயலில் உழுதவர், வேதம் படிக்க அனுமதி இல்லாதவர். பெண் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு குரல் வரும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். அங்கே கூடியது அவர்களுடைய சபை. உழவர் ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், வணிகர் இருந்த இடங்களில் 'நகரம்' என்ற அவையும் தனியே இயங்கின. இதையெல்லாம் சொன்ன பிறகு, 'இது ஜனநாயகமா?' என்ற கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். கணக்குக் காட்டாதவனின் மச்சானைக்கூட உள்ளே விடாத அந்தக் கறாரை ஒரு பக்கம் மெச்சும். மறுபக்கம் வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களைச் சுட்டும். இரண்டு பக்கமும் கல்வெட்டு வரியைக் காட்டியே பேசும்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். இரண்டே வருஷத்தில் வந்த அடுத்த கல்வெட்டில் 35க்கு மேல் 70க்குள். ஏன் மாற்றினார்கள்? இடையில் என்ன நடந்திருக்கும்? திட்டவட்டமான விடை யாரிடமும் இல்லை. ஆனால் ஒரு விதி எழுதப்பட்டு, அது சரிப்படாமல் போய், கூடி உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள் என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உறைத்துவிட்டால் போதும். கல்லில் இருப்பது மனிதர்கள் என்று அதற்குப் புரிந்துவிடும்.

இந்த வகுப்பை எடுக்க ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? நீலகண்ட சாஸ்திரி சோழ அரசைக் கட்டுக்கோப்பான நிர்வாகமாகக் கண்டார். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்து, மன்னனின் கை தூரத்துப் பகுதிகளுக்குச் சடங்களவில்தான் எட்டியது என்று வாதிட்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிச் சொற்களையும் எண்ணி, தரவுகளின் பலத்தில் இருவரையும் திருத்தினார்கள். எம்.ஏ.வில் இந்த விவாதத்தை உள்ளே இறங்கிப் படித்தவருக்குத்தான் பாடநூலின் ஒரு வாக்கியம் எந்தச் சண்டையின் முடிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். வகுப்பில் இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி எங்கிருந்து கேட்பது என்று தெரிவதற்குத்தான் அந்தப் படிப்பு.

சரி, எம்.ஏ.வை இப்படி முடித்தவர் நேராக வகுப்புக்குப் போகலாமே, பி.எட். எதற்கு என்று கேட்பீர்கள். போனால் என்ன ஆகும் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஸ்டைனைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, 'பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை' என்று சலித்துக்கொள்வார்கள். ஆயிரம் வருஷம் என்பது ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனதில் என்ன நீளம்? தாத்தா காலமும் ராஜராஜன் காலமும் அதற்கு ஒரே 'அந்தக் காலம்'தான். அதைப் பிரித்துக் காட்டுவது தனி வித்தை. பி.எட். பாடத்திட்டத்தில் குழந்தைப் பருவம், கற்றலும் கற்பித்தலும், பாடத்துறைகளைப் புரிந்துகொள்ளுதல், பாலினமும் பள்ளியும் சமூகமும், வரலாறு கற்பித்தல் என்று தாள்கள் இருக்கின்றன. தாளின் தலைப்புகளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. லெசன் பிளான் ரெக்கார்டு, மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, சைக்காலஜி ரெக்கார்டு, அப்புறம் சார்ட்டும் மாடலும். போன வருஷத்து அக்காவிடம் வாங்கிய நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் ஊரறிந்தது. லெசன் பிளானை நகல் எடுப்பவர், வகுப்பை யோசிக்கும் ஒரே வாய்ப்பைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறார்.

எம்.ஏ. வரலாற்றைத் தருகிறது, பி.எட். கற்பித்தலைத் தருகிறது. வரலாற்றைக் கற்பிப்பது என்பது இந்த இரண்டும் சேர்ந்தால் தானாக வந்துவிடுவதில்லை, அது மூன்றாவது ஒன்று. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். பாடத்தை அறிந்திருப்பது ஓர் அறிவு. பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிவது இன்னொன்று. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எந்தக் கேள்வி கதவைத் திறக்கும் என்று அறிவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தனி அறிவு. ஆசிரியர் என்ற தொழிலுக்கே உரிய அறிவு அதுதான். நம் ஊரில் அதை எந்தத் தாளும் முழுதாகச் சொல்லித்தருவதில்லை. எம்.ஏ. துறைக்குப் பள்ளி வகுப்பைப் பற்றிக் கவலையில்லை, பி.எட். கல்லூரிக்குக் கல்வெட்டைப் பற்றிக் கவலையில்லை. பட்டம் படிக்கப் போகிறவரே இந்தப் பாலத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குக் கிடைக்கிற ஒரே நல்ல இடம் பள்ளிப் பயிற்சி. புதிய விதிப்படி முதலாண்டில் நான்கு வாரமும் இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரமும் பள்ளிக்குப் போக வேண்டும். பதினாறு வாரம் என்பது ஒரு பருவத்துக்குச் சமம். பெரும்பாலான பள்ளிகளில் டிரெயினிங் டீச்சர் வந்தால், லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் ஆள் கிடைத்தது என்று பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முகம் சுளிக்காமல் ஒத்துழையுங்கள். ஆனால் உங்கள் கைடு டீச்சரிடம் பணிவாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு ஒரு பீரியட், போர்ஷன் முடிக்கும் கவலை இல்லாமல், உங்கள் விருப்பப்படி. அந்த ஒரு பீரியடில் ஒரு மூல ஆவணத்தை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை எட்டு வரி எளிய தமிழாக நீங்களே எழுதி, இரண்டு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். இன்று ஊராட்சி வார்டு உறுப்பினராக 21 வயது போதும், தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதி, கல்வெட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். வரலாறும் குடிமையியலும் ஒரே பீரியடில் முடிந்துவிடும். பிள்ளைகள் சொன்ன தப்பான பதில்களை அன்றே எழுதிவையுங்கள். நடுவில் இருக்கிற அந்த அறிவு அந்தத் தப்புகளிலிருந்துதான் சேரும்.

குடிமையியல் என்றதும் ஞாபகம் வருகிறது. வரலாறு படித்துவிட்டு பி.டி.யாகச் சேர்பவருக்குக் காத்திருக்கும் முதல் அதிர்ச்சி, கையில் கிடைக்கும் புத்தகத்தில் வரலாறு ஒரு பகுதிதான் என்பது. மீதி புவியியல், குடிமையியல், பொருளியல். அட்சக்கோடும் பருவக்காற்றும் நாட்டு வருமானமும் பள்ளியில் படித்ததோடு சரி. பலர் அந்தப் பாடங்களைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் கடத்திவிடுகிறார்கள். இதற்கு மருந்து எம்.ஏ. காலத்திலேயே இருக்கிறது. ஒரு நிகழ்வை எடுத்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கப் பழகுவதுதான் அது.

நான் எப்போதும் சொல்வது தாது வருஷப் பஞ்சம். 1876இல் பருவமழை பொய்த்தது. ஏன் பொய்க்கிறது, தென்மேற்கும் வடகிழக்கும் நமக்கு எப்படி மழை தருகின்றன என்பது புவியியல். மழை பொய்த்ததும் தானியம் அறவே இல்லாமல் போய்விடவில்லை, வாங்க முடியாத விலைக்கு ஏறியது. ரயில் பாதையும் துறைமுகமும் தானியத்தை விலை இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. இது பொருளியல். பட்டினி கிடப்பவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமையா, சந்தையே பார்த்துக்கொள்ளுமா என்று அன்றைய ஆட்சியாளர்கள் வாதாடினார்கள். பஞ்சத்தை மேற்பார்க்க ஆங்கிலேய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு அரை கிலோவுக்கும் குறைவு. அதை வைத்து நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். இது குடிமையியலின் ஆணிவேரான கேள்வி. சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயின் நகரப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான், அன்றைய ஆளுநரின் பெயர்தான் அதற்கு. இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்களின் கதை இதோடு பிணைந்தது. பஞ்சம் முடிந்ததும் ஆணையம் அமைத்து 1880இல் அறிக்கை வாங்கினார்கள், அதிலிருந்து பஞ்ச விதித் தொகுப்பு வந்தது. நான்கு பாடத்தையும் நான்கு தனித்தனிப் பெட்டியாக வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது ஒரு பத்திப் பாடம். சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு வாரத்துக்கான வகுப்பு. எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, பள்ளிக்கும் கொண்டுபோகக்கூடிய இப்படிப்பட்ட ஒன்றை உங்கள் மாவட்டத்திலிருந்தே எடுங்கள். பழைய மாவட்ட மேனுவல்களும் கெஜட்டியர்களும் அதற்குத் தொடக்கப் புள்ளி.

மூலங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசமாகவே திறந்திருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இரண்டையும் படிப்பு முடிவதற்குள் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் கடைத்தெருவும் கவர்னர் மாளிகையும் ஒரு தமிழரின் கையெழுத்தில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட அதைவிட உயிரோட்டமான மூலம் அந்தக் காலத்துக்கு இல்லை.

இன்னொரு விஷயத்தைத் தயங்காமல் பேச வேண்டும். சமூக அறிவியல் வகுப்பில் சாதி வரும், மதம் வரும், மொழி வரும். எந்தத் தெருவிலிருந்து யார் வருகிறார் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த வகுப்பு அது. தென் திருவிதாங்கூரில் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் நீண்டு, 1859இல் அரச அறிவிப்பில் வந்து நின்ற போராட்டம். என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு நூலில் அதைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. எதிர்ப்புகள் எழுந்தன. 2016இல் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. பாடநூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவிடலாம். குமரி மாவட்டத்துப் பிள்ளை தன் பாட்டியிடம் கேட்ட கதையை எப்படி எடுப்பது? அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? 'அது போர்ஷனில் இல்லை' என்று உட்கார வைப்பவர் அந்தப் பிள்ளையை அன்றோடு இழந்துவிடுகிறார். அவமானப்பட்டவர்களின் பேரப் பிள்ளையும் அவமானப்படுத்தியவர்களின் பேரப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, இருவரும் தலைகுனியாமல், உண்மையும் குறையாமல் பேச ஒரு வழி வேண்டும். அந்த உரிமைக்கு யார் நின்றார்கள், எப்படி நின்றார்கள், எப்படி வென்றார்கள் என்று போராடியவர்களின் பக்கமிருந்து தொடங்குவது ஒரு வழி. இதையெல்லாம் பி.எட். காலத்தில், உடன் படிக்கும் பல சாதி, பல மத நண்பர்களோடு உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். பிறகு ஸ்டாஃப் ரூமில் அதற்கு நேரமும் இருக்காது, மனமும் வராது.

எம்.எட். பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பாடம் எடுப்பதற்கு அது தேவையில்லை. பி.எட். கல்லூரியில் வரலாறு கற்பித்தல் சொல்லித்தர வேண்டுமானால் எம்.ஏ. வரலாறும் எம்.எட்.டும் இரண்டும் வேண்டும். நல்ல எம்.ஏ. படித்து, பத்து வருஷம் வகுப்பில் நின்று, பிறகு எம்.எட். படித்து அங்கே போகிறவர்கள்தான் நமக்கு அதிகம் தேவை. பாடத்திட்டம், பாடநூல் எழுதுதல், கல்வி ஆய்வு என்று மனம் போனால் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள எம்.ஏ. கல்வியியலைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களில் தொடங்கிய சமூக அறிவியல் பாடநூல் முயற்சியைத் தேடிப் படியுங்கள். கிராமத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எது புரிகிறது எது புரியவில்லை என்று பார்த்துப் பார்த்துத் திருத்தி எழுதிய புத்தகங்கள் அவை.

இனி முதல் கேள்விக்கு. வீடு இரண்டு வருஷம் தாங்கும் என்றால் எம்.ஏ.வை முதலில், முடிந்தால் நேரடி வகுப்பில் படியுங்கள். கையில் சரக்கோடு பி.எட்.டுக்குள் போனால் அந்தப் பதினாறு வாரமும் உங்கள் பட்டறையாகும். அப்படியில்லாமல் போனால், எதைக் கற்பிப்பது என்பதே புத்தகத்திலிருந்து கடனாக வர வேண்டியிருக்கும். வீட்டுக்கு உங்கள் சம்பளம் உடனே வேண்டும் என்றால் தயங்காமல் பி.எட். முடித்து டெட் எழுதுங்கள். எம்.ஏ.வை வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் முடிக்கலாம். அப்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொலைநிலையில் வரும் பாடப் புத்தகத்தோடு நிற்காமல், அதில் பெயர் வரும் மூல நூல்களில் ஆண்டுக்கு நான்கையாவது முழுதாகப் படியுங்கள். வகுப்பில் ஏற்கெனவே நிற்பவருக்கு அந்தப் படிப்பு நேரடி வகுப்பைவிட ஆழமாக இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். படித்ததை மறுநாளே சோதித்துப் பார்க்கப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

பி.எட். கல்லூரியைத் தேடும்போது விளம்பரத்தையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு நேரில் போய் மூன்று விஷயம் விசாரியுங்கள். வரலாறு கற்பித்தல் எடுப்பவர் வரலாற்றில் எம்.ஏ. படித்தவரா, பள்ளியில் பாடம் நடத்தியவரா? பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், அங்கே கல்லூரி ஆசிரியர் வந்து வகுப்பைப் பார்க்கிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? நூலகத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் முழு செட்டாக இருக்கின்றனவா? மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு அலமாரியைப் பார்த்தாலே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் அலுவலகத்தில் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி வாசலில் பிடித்துக் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள். ஃபீஸ் கட்டும் முன் கேளுங்கள்.